செக்ஸ்டன்ட் கணக்கில் பிழை: எந்த வழியில் தேடுவது?

வங்காள விரிகுடாவில் சரக்கில்லாமல் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பலில் நான் தேர்ட் மேட். செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கும் கருவியால் காலைச் சூரியனின் உயரத்தை அளந்து நான் போடும் பொசிஷன் லைன் (கப்பல் இதன்மேல் எங்கோ இருக்கிறது என்று சொல்லும் கோடு) ஜிபிஎஸ் காட்டும் இடத்திலிருந்து இரண்டு மைலுக்குள் விழும். மாலையில் போடுவது நான்கு மைலைத் தாண்டிவிடும். தினமும் இதே கதை. செக்ஸ்டன்ட் பழசு, ஆடியின் ஓரத்தில் ரசம் போயிருந்தது. பழியை அதன் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். வேறு செக்ஸ்டன்ட் கிடைக்குமா என்று சீஃப் மேட்டிடம் கேட்கப் போனபோது, தூத்துக்குடிக்காரரான அவர் என் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "தம்பி, கருவியைத் திட்டுறதுக்கு முன்னாடி காலைக் கணக்கையும் சாயங்காலக் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தியா?" என்றார்.

பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் வெளிச்சமாகியிருக்கும்.

வானத்தை வைத்து இடம் காணப் பழகுகிற எல்லோருக்கும் இந்தக் கட்டம் வரும். பாடம் படித்தாயிற்று, அல்மனாக் (சூரியனும் நட்சத்திரங்களும் எந்த நேரத்தில் எங்கே என்று சொல்லும் அட்டவணை நூல்) புரட்டத் தெரியும், கணக்கும் ஓடுகிறது, ஆனால் விடை சில மைல் தள்ளியே நிற்கிறது. பிழை எங்கே என்று தேட நான் அறிந்து ஐந்து வழிகள் உண்டு. நிறைய சைட், அதாவது உயர அளவீடு, எடுத்துச் சராசரி பார்ப்பது, தெரிந்த இடத்தோடு ஒப்பிடுவது, நான்கு திசையில் நான்கு நட்சத்திரம் பிடிப்பது, கரையில் எண்ணெய்த் தட்டு வைத்துப் பார்ப்பது, கருவியையோ ஆளையோ மாற்றிப் பார்ப்பது. ஐந்தும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒன்றுக்குத் தெரிகிற பிழை இன்னொன்றின் கண்ணிலேயே படாது. எதை முதலில் எடுப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

அதற்கு முன் ஒரு சொல் விவகாரம். கோணத்திலும் மினிட், நேரத்திலும் மினிட் என்று சொல்லிக்கொண்டிருந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும். பஞ்சாங்கம் கணிக்கிறவர்களிடம் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: பாகை, கலை. 60 கலை ஒரு பாகை. உயரக்கோணத்தில், அதாவது அடிவானத்துக்கு மேல் வான்பொருள் நிற்கும் கோணத்தில், ஒரு கலை பிசகினால் பொசிஷன் லைன் ஒரு கடல்மைல், அதாவது 1,852 மீட்டர் நகரும். நேரத்தில் 4 விநாடி பிசகினால் தீர்க்கரேகை ஒரு கலை நகரும். பிழை தேடுகிறவருக்கு இந்த இரண்டு எண்ணும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

பெரிய பிழை தானே காட்டிக்கொடுக்கும்

விடை 60 மைல் தள்ளியிருந்தால் செக்ஸ்டன்ட்டில் பாகையை ஒன்று தப்பாகப் படித்திருக்கிறீர்கள். 32 மைல் என்றால் சூரியனின் கீழ் விளிம்பைப் பிடித்துவிட்டு மேல் விளிம்புக்கான திருத்தம் போட்டிருக்கிறீர்கள், அல்லது மாற்றிச் செய்திருக்கிறீர்கள். தீர்க்கரேகை 15 கலை போனால் கடிகாரத்தில் ஒரு நிமிடம் தவறு. 450 கலை போனால் இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்கும்போது அரை மணியை விட்டுவிட்டீர்கள். இது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய பிழை. மார்ச், செப்டம்பர் மாதங்களில் அட்சரேகை 24 கலை அளவில் தப்பினால் அல்மனாக்கில் பக்கத்து நாளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் சூரியனின் டெக்லினேஷன் (வான நடுக்கோட்டிலிருந்து வடக்கோ தெற்கோ விலகிய கோணம்) நாளுக்கு அவ்வளவு நகரும். ஜூனில் இதே தவறைச் செய்தால் வெளியே தெரியக்கூடத் தெரியாது.

இவற்றுக்குச் சோதனை ஒன்றும் வேண்டாம். எண்ணைப் பார்த்தாலே போதும். தொல்லை தருவது ஒன்றிலிருந்து ஆறு மைல் வரை வருகிற பிழைதான். அந்த அளவில் எல்லாக் காரணங்களும் ஒன்றுபோலவே இருக்கும்.

சராசரி என்னும் ஆறுதல்

யாரிடம் கேட்டாலும் முதலில் கிடைக்கும் யோசனை, "ஒரே சைட்டை நம்பாதே, ஒன்பது எடு, சராசரி பார்" என்பது. தவறில்லை. கை நடுக்கம், கப்பலின் ஆட்டம், அலை முகட்டை அடிவானம் என்று நினைத்துவிடுவது போன்ற, ஒரு தடவை கூடி ஒரு தடவை குறையும் பிழைகளை இது குறைக்கும். ஒன்பது சைட் எடுத்தால் சிதறல் மூன்றில் ஒரு பங்காகும். கட்டக் காகிதத்தில் நேரத்தைக் கீழேயும் உயரத்தைப் பக்கவாட்டிலும் போட்டுப் புள்ளி வைத்தால் இன்னும் நல்லது. சூரியன் எந்த வேகத்தில் ஏற வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். 10 பாகை வட அட்சரேகையில் சூரியன் நேர் கிழக்கே இருக்கும்போது நிமிடத்துக்கு 14.8 கலை ஏறும். அந்தச் சாய்வில் ஒரு கோட்டை வரைந்தால் எந்தப் புள்ளி தனியாகத் துள்ளிக்கொண்டு நிற்கிறது என்பது கண்ணில் படும். அதைத் தூக்கிப் போடலாம்.

ஆனால் ஒன்பது சைட்டிலும் ஒரே அளவு, ஒரே பக்கம் சாய்கிற பிழையைச் சராசரி தொடவே தொடாது. இன்டெக்ஸ் எர்ரரை (பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் செக்ஸ்டன்ட் காட்டும் பிழையை) கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருந்தால் ஒன்பதிலும் கூட்டித்தான் இருப்பீர்கள். கடிகாரம் 12 விநாடி முந்தி ஓடினால் ஒன்பதுக்கும் அதே 12 விநாடி. புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில் அழகாக உட்கார்ந்துவிடும், பார்க்கிறவருக்கு நம்பிக்கையும் வந்துவிடும். ராணுவ அணிவகுப்பு மாதிரி வரிசை தவறாமல் எல்லோரும் தப்பான ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். என் நோட்டில் இருந்தது இதுதான். சிதறல் அரைக் கலைக்குள் இருந்தது. அதைப் பார்த்துத்தான் என் கை சுத்தம், கருவிதான் மோசம் என்ற முடிவுக்கு வந்திருந்தேன்.

மூன்று நட்சத்திரம் பிடித்து வருகிற சிறு முக்கோணத்திலும் இதே மயக்கம் உண்டு. முக்கோணம் சின்னதாக இருந்தால் நாம் அதற்குள்தான் இருக்கிறோம் என்று நினைப்போம். வெறும் தற்செயல் பிழைகள் மட்டுமே இருந்தால்கூட, உண்மையான இடம் முக்கோணத்துக்குள் இருக்க வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். இதைச் சொன்னால் இன்றும் பலர் நம்ப மாட்டார்கள். கணக்கு எளிது: ஒவ்வொரு கோடும் நம் இடத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழலாம். மூன்று கோட்டுக்கு எட்டுச் சேர்க்கை, அவற்றில் இரண்டில் மட்டுமே நாம் உள்ளே.

தெரிந்த இடத்தோடு ஒப்பிடுவது

இதில் பலர் செய்யும் தவறு, ஃபிக்ஸ் (கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்) போட்டு முடித்துவிட்டு அது ஜிபிஎஸ் இடத்திலிருந்து எத்தனை மைல் என்று அளப்பது. அந்த ஒற்றை எண் எதையும் சொல்லாது. இரண்டு மூன்று கோடுகளின் பிழை அதில் கலந்து கரைந்துபோயிருக்கும். அதற்குப் பதிலாக ஜிபிஎஸ் காட்டிய இடத்தையே அனுமான இடமாக வைத்து ஒவ்வொரு சைட்டுக்கும் தனியாக இன்டர்செப்ட் கணக்கிட வேண்டும். அந்த இடத்தில் நின்றால் உயரம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்லும், நீங்கள் அளந்தது இவ்வளவு என்று செக்ஸ்டன்ட் சொல்லும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இன்டர்செப்ட், அதாவது அந்த சைட்டின் பிழை. அளந்தது அதிகம் என்றால் 'நோக்கி', குறைவு என்றால் 'விலகி'. நோக்கிக்குக் கூட்டல் குறி, விலகிக்குக் கழித்தல் குறி. பக்கத்தில் அந்த வான்பொருளின் திசையையும் உயரத்தையும் எழுதி வையுங்கள். பத்துப் பதினைந்து சைட் சேர்ந்ததும் நோட்டே பேச ஆரம்பிக்கும்.

கிழக்கே பார்த்தாலும் மேற்கே பார்த்தாலும் ஒரே குறியில் ஒரே அளவு வந்தால் அது உயரக்கோணத்தில் நிலையாக இருக்கும் பிழை. இன்டெக்ஸ் எர்ரர், கண் உயரத்தால் அடிவானம் தாழ்ந்து தெரிவதற்கான டிப் திருத்தம், விளிம்பைத் தொடவைப்பதில் உங்கள் கைப்பழக்கம், இந்த மூன்றில் ஒன்று. கிழக்கே ஒரு குறியும் மேற்கே எதிர்க்குறியும் வந்தால் அது கடிகாரம். கடிகாரம் முந்தினால் உங்களை மேற்கே தள்ளும், பிந்தினால் கிழக்கே தள்ளும். அட்சரேகையை அது தொடாது. உயரம் கூடக்கூடப் பிழையும் கூடினால் செக்ஸ்டன்ட்டில் கோண அளவு பொறித்த வில்லிலேயே கோளாறு, பெட்டியில் ஒட்டியிருக்கும் சான்றிதழைப் பாருங்கள். தாழ்ந்த உயரத்தில் மட்டும் தப்பினால் ரிஃப்ராக்ஷன், அதாவது காற்றில் ஒளி வளைவது. ஒழுங்கே இல்லாமல் இறைந்து கிடந்தால் பிழை உங்கள் கையில்.

என் நோட்டுக்கு வருவோம். காலையில் கிழக்கே 1.8 மைல் விலகி, மாலையில் மேற்கே 4.2 மைல் நோக்கி. குறி மாறுகிறது, அளவும் சமமில்லை. சீஃப் மேட் ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினார்: 1.2. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினார்: 3.0. "உனக்கு ஒரு பிழை இல்ல, ரெண்டு. இந்த 3 மைல் உன் வாட்ச். பன்னெண்டு விநாடி ஃபாஸ்ட்டா ஓடுது. இந்த 1.2 உயரத்துல இருக்கு. அது என்னன்னு நீயே கண்டுபிடி."

வாட்சைப் பார்த்தேன். பிரிட்ஜ் (கப்பலைச் செலுத்தும் மேல்தள அறை) கடிகாரத்தை வைத்துச் சரிசெய்திருந்தேன். அந்தக் கடிகாரமே 12 விநாடி முந்தி ஓடிக்கொண்டிருந்தது. மற்ற 1.2 கலைக்கு ஒரு நாள் ஆயிற்று. சார்ட் மேசைக்கு மேலே யாரோ ஒட்டிவைத்த சீட்டில் கண் உயரம் 16 மீட்டர் என்று இருந்தது. அது சரக்கு ஏற்றிய கப்பலுக்கு. நாங்கள் காலியாக மிதந்துகொண்டிருந்தோம், பிரிட்ஜ் 22 மீட்டர் உயரத்தில் இருந்தது. டிப் என்பது மீட்டரில் கண் உயரத்தின் வர்க்கமூலத்தை 1.76 ஆல் பெருக்கினால் வருகிற கலை. 16 மீட்டருக்கு 7.0, 22 மீட்டருக்கு 8.25. வித்தியாசம் ஏறக்குறைய 1.2. பாவம் செக்ஸ்டன்ட்.

காலையில் இரண்டு பிழையும் ஒன்றையொன்று தின்றுகொண்டன, மாலையில் கை கோத்துக்கொண்டன. காலை சைட் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தால் இரண்டு மைல் பரவாயில்லை என்று விட்டிருப்பேன்.

இந்த வழிக்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, ஜிபிஎஸ் எப்போதும் உண்மை சொல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2017 ஜூனில் கருங்கடலில் நோவொரோஸிஸ்க் அருகே நின்ற பல கப்பல்களின் கருவிகள், கரையில் உள்ள ஒரு விமான நிலையத்தில் கப்பல் இருப்பதாகக் காட்டின. வானத்தை வைத்து இடம் காணப் பழகுவதே ஜிபிஎஸ் கைவிடும் நாளுக்காகத்தான். அதையே உரைகல்லாக வைப்பதில் ஒரு முரண் இருக்கிறது. ஆனால் பழகும் நாட்களில், குழப்பமில்லாத கடலில், அதைவிட நல்ல உரைகல் கிடையாது. நேரத்தையும் அதிலிருந்தே எடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். செயற்கைக்கோள்களின் நேரம் 2017 ஜனவரியிலிருந்து உலகப் பொது நேரத்தைவிட 18 விநாடி முன்னால் ஓடுகிறது. கருவி அதைத் திருத்தித்தான் காட்டும். ஆனால் சில கைக்கருவிகள் போட்டவுடன், திருத்தம் வந்து சேரும்வரை, திருத்தாத நேரத்தைக் காட்டுவதுண்டு. 18 விநாடி என்றால் நாலரைக் கலை.

இரண்டாவது எச்சரிக்கை நம் மனசைப் பற்றியது. ஜிபிஎஸ் இடத்தை முதலில் பார்த்துவிட்டால் மைக்ரோமீட்டர் திருகு தானாகவே அந்தப் பக்கம் திரும்பும். சூரியன் அடிவானத்தைத் தொட்டதா இல்லையா என்பது ஒரு மயிரிழைத் தீர்மானம், விடை தெரிந்தவன் கை அதில் நேர்மையாக இருக்காது. சைட்டையும் நேரத்தையும் பேனாவால் எழுதி முடித்த பிறகே ஜிபிஎஸ் பதிவைத் திறக்க வேண்டும்.

காலைச் சூரியக் கோட்டைக் கப்பல் ஓடிய தூரத்துக்கு நகர்த்தி நண்பகல் கோட்டோடு சேர்க்கும் ஃபிக்ஸை இப்படிச் சோதிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலை எட்டு மணிக் கோட்டை நண்பகல்வரை நகர்த்தும்போது, அரை நாட் (மணிக்கு அரைக் கடல்மைல்) நீரோட்டம் கணக்கில் வராமல் போனால் அதுவே இரண்டு மைல். அந்த இரண்டு மைலை செக்ஸ்டன்ட்டில் தேடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான்கு நட்சத்திரம்

ஜிபிஎஸ்ஸைத் தொடாமல் உயரப் பிழையைக் கண்டுபிடிக்க இதுதான் அழகான வழி. வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று சுமாராக 90 பாகை இடைவெளியில் நான்கு நட்சத்திரங்கள். மே கடைசியில் 10 பாகை வடக்கே அந்தி மங்கும்போது வானம் இதற்கென்றே அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். வடக்கே சப்தரிஷியின் டூபே, தெற்கே தாழ்வாகத் தென்சிலுவையின் ஆக்ரக்ஸ், கிழக்கே ஆர்க்டூரஸ், அதாவது நம் சுவாதி, மேற்கே புரோசியான். சுவாதியும் புரோசியானும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில், 41 பாகை அளவில், எதிரெதிரே நிற்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் மேகம் விட வேண்டும் என்பது மட்டும் பிரார்த்தனை.

உயரத்தில் நிலையான பிழை இருந்தால் நான்கு கோடுகளும் ஒரு சதுரத்தைக் கட்டும். எதிரெதிர்க் கோடுகளுக்கு நடுவே உள்ள தூரத்தில் பாதிதான் பிழை. சதுரத்தின் நடுப்புள்ளி நம் இடம். பிழையைக் கண்டுபிடித்த கையோடு அதன் நஞ்சையும் எடுத்துவிடுகிறது. மூன்று நட்சத்திரத்தில் இந்த வசதி பாதிதான். 120 பாகை இடைவெளியில் சுற்றிவர எடுத்தால் நிலையான பிழையின்போது நாம் முக்கோணத்தின் நடுவில் இருப்போம். மூன்றையும் வானத்தின் ஒரே பாதியில் எடுத்தால் முக்கோணத்துக்கு வெளியே இருப்போம், முக்கோணமோ சின்னதாகச் சிரித்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் மேகம் மூடியிருக்கும் மாலைகளில் இதைத்தான் செய்கிறோம்.

குறை என்னவென்றால் கடிகாரப் பிழை இதில் தெரியவே தெரியாது. 12 விநாடி முந்தினால் சதுரம் கொஞ்சமும் சிதையாமல் முழுசாக மூன்று மைல் மேற்கே நகர்ந்து உட்கார்ந்திருக்கும். உள்ளுக்குள் எல்லாம் பொருந்தும். வெளியிலிருந்து ஒரு சாட்சி வராமல் கடிகாரத்தைப் பிடிக்க முடியாது. வானொலி நேரக் குறிப்பு, தீர்க்கரேகை தெரிந்த ஓர் இடம், அல்லது நிலா. நிலா நட்சத்திரங்களுக்கு நடுவே மணிக்கு அரைப் பாகைதான் நகர்கிறது. அதன் தூரத்தை ஒரு கலை தப்பாக அளந்தால் நேரத்தில் இரண்டு நிமிடம் போய்விடும், தீர்க்கரேகையில் 30 கலை. வேறு கதியில்லாதவர்களின் வழி அது.

அப்படிக் கதியில்லாமல் இருந்தவர்தான் துருவப் பயணி ஷாக்கில்டனின் எண்டியூரன்ஸ் கப்பலின் கேப்டன் ஃபிராங்க் வர்ஸ்லி. 1915இல் அண்டார்க்டிகாவின் வெடெல் கடலில் பனிக்குள் சிக்கி மாதக்கணக்கில் மிதந்தபோது, நிலா நட்சத்திரங்களை மறைக்கும் கணத்தைப் பார்த்து, இயற்பியலாளர் ரெஜினால்ட் ஜேம்ஸோடு சேர்ந்து கப்பலின் துல்லியக் கடிகாரங்களான குரோனோமீட்டர்களைச் சோதித்தார். கப்பல் நவம்பர் 21 அன்று மூழ்கியது. அன்று சைட் எடுக்க வானம் இடம் கொடுக்கவில்லை. முன்னும் பின்னும் எடுத்த சைட்டுகளை வைத்து, பனி நகர்ந்த தூரத்தை அனுமானித்துத்தான் இடத்தைக் குறித்தார். 2022 மார்ச்சில் கப்பல் 3,008 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது, அவர் குறித்த இடத்துக்குச் சுமார் நான்கு மைல் தெற்கே. அத்தனை பாடுபட்டுச் சோதித்த குரோனோமீட்டர்களையே பலரும் முதலில் சந்தேகிப்பார்கள். ஆனால் தெற்கே என்பதைக் கவனியுங்கள். கடிகாரம் யாரையும் தெற்கே தள்ளாது. என்னைக் கேட்டால் அந்த நான்கு மைலுக்கு நகர்ந்துகொண்டிருந்த பனியைத்தான் முதலில் விசாரிப்பேன்.

எண்ணெய்த் தட்டு

கரையில் இருப்பவருக்கு ஏற்ற வழி. ஓர் அகலமான தட்டில் வாகனத்திலிருந்து வடித்த கறுப்பு எஞ்சின் ஆயிலை ஊற்றி, காற்று படாமல் தரையில் வையுங்கள். விளக்கெண்ணெயும் நன்றாக நிற்கும், தட்டின் அடி கறுப்பாக இருக்க வேண்டும். வானத்தில் இருக்கும் சூரியனை எண்ணெயில் தெரியும் சூரியன்மேல் கொண்டுவந்து சரியாகப் பொருத்தினால் செக்ஸ்டன்ட் காட்டுவது உயரத்தின் இரு மடங்கு. முதலில் இன்டெக்ஸ் எர்ரரைத் திருத்தி, பிறகு இரண்டால் வகுக்க வேண்டும். வரிசை மாறினால் அதுவே புதுப் பிழை. வட்டத்தின் மேல் வட்டம் முழுசாகப் பொருத்துவதால் விளிம்புத் திருத்தம் வேண்டாம். அடிவானமே இல்லாததால் டிப் வேண்டாம். கைப்பிழையும் பாதியாகிவிடும். மிஞ்சுவது கருவி, கடிகாரம், கணக்கு. அதனால்தான் இதைப் பிழைகளைப் பிரித்துப் பார்க்கும் வழி என்கிறேன். தட்டில் சரியாக வருகிறது, கடலில் தப்புகிறது என்றால் குற்றவாளி அடிவானம் அல்லது கண் உயரம்.

நம் ஊரில் இதற்கு ஒரு சிக்கல். செக்ஸ்டன்ட் 120 பாகைக்குச் சற்று மேல்வரைதான் அளக்கும், அதாவது சூரியன் 60 பாகைக்கு மேல் ஏறினால் தட்டு பயன்படாது. சென்னையில் மார்ச் மாதக் கடைசியில் காலை பத்தரை மணிக்கெல்லாம் சூரியன் அந்த உயரத்தைத் தொட்டுவிடும். உச்சிவேளை சைட்டைத் தட்டில் எடுக்கும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

ஆனால் நம் கிழக்குக் கரைக்காரர்களுக்குத் தட்டு தருகிற பெரிய லாபம் வேறு. மெரினாவிலோ தூத்துக்குடிக் கரையிலோ நின்றால் கடல் கிழக்கே மட்டும்தான். காலைச் சூரியன் மட்டுமே கிடைக்கும், ஒரே திசை. ஒரே திசையில் எத்தனை நாள் எடுத்தாலும் உயரப் பிழையையும் கடிகாரப் பிழையையும் பிரிக்க முடியாது. இரண்டும் கோட்டை ஒரே பக்கம்தான் நகர்த்தும். தட்டு இருந்தால் மாலையில் மேற்கேயும் எடுக்கலாம். இல்லாவிட்டால் கன்னியாகுமரிக்குப் போக வேண்டும். அங்கே ஒரே நாளில் இரண்டு பக்கமும் கடல் அடிவானம் கிடைக்கும். எல்லோரும் கூட்டமாகக் கைதட்டி ரசிக்கும் உதய நேரத்தில் எடுக்காதீர்கள். அடிவானத்தை ஒட்டி ரிஃப்ராக்ஷன் 34 கலைவரை போகும், சூட்டில் எப்படி வேண்டுமானாலும் மாறும். 15, 20 பாகை ஏறட்டும். வடதுருவ நட்சத்திரமும் இதே காரணத்தால் தென்கோடியில் உதவாது. தூத்துக்குடியிலிருந்து பார்த்தால் அது எட்டு, ஒன்பது பாகை உயரத்தில் தூசிக்குள் கிடக்கும்.

மணலில் நிற்பவர்கள் கண் உயரத்தை அலட்சியமாக எடுத்துக்கொள்வதும் வழக்கம். பிரிட்ஜில் 20 மீட்டருக்குப் பதில் 21 என்று போட்டால் 0.2 கலைதான் போகும். கரையில் 2 மீட்டருக்குப் பதில் 3 என்று போட்டால் அரைக் கலைக்கு மேல். அட்டவணையில் அடி வரிசையையும் மீட்டர் வரிசையையும் மாற்றிப் பார்ப்பது இன்னும் மோசம். 12 மீட்டருக்கு டிப் 6.1, 12 அடிக்கு 3.4.

கருவியை மாற்றுவது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, கடைசியில் வைக்க வேண்டியது. பணம் போகும், காத்திருக்க வேண்டும், அப்புறமும் பிழை அப்படியே இருக்கலாம். வாட்ச் தப்பாக ஓடும் ஒருவர் ஜெர்மன் செக்ஸ்டன்ட் வாங்கினால் தப்பான இடத்தை இன்னும் நுட்பமாகக் காண்பார்.

மாற்றுவதற்கு முன் இருக்கிற கருவியைச் சூரியனை வைத்தே ஒரு முறை விசாரிக்கலாம். சூரியனின் இரண்டு பிம்பங்களையும் விளிம்போடு விளிம்பு தொடவைத்து, பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை படியுங்கள். ஜூலையில் ஒரு நாள் எனக்கு வந்தது 33.4, 29.8. வித்தியாசத்தில் பாதி 1.8, அதுதான் இன்டெக்ஸ் எர்ரர். இரண்டையும் கூட்டி நான்கால் வகுத்தால் 15.8, இது அல்மனாக் சொல்லும் சூரியனின் அரைவிட்டத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அளந்த கைதான் தப்பு, மறுபடி அளக்க வேண்டும். அளக்கிற வேலையையே சோதிக்கிற சோதனை என்பதால் இதன்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

பிளாஸ்டிக் செக்ஸ்டன்ட் வைத்திருப்பவர்கள் இதை ஒவ்வொரு சைட்டுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் பத்து நிமிடம் வைத்தாலே இன்டெக்ஸ் எர்ரர் இடம் மாறிவிடும். அதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை. பழக அது போதும்.

இன்னொருவர் கையில் உங்கள் செக்ஸ்டன்ட்டைக் கொடுத்து ஒரே நேரத்தில் எடுக்கச் சொல்வது காசில்லாத மாற்றுச் சோதனை. அவருக்குச் சரியாக வந்து உங்களுக்கு எப்போதும் ஒரு கலை கூடவே வந்தால் அது உங்கள் கண்ணின் பழக்கம். எழுதி வைத்துக் கழித்துக்கொண்டே போகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

யாருக்கு எது

கப்பலில் இருக்கும் கேடட் என்றால் தெரிந்த இடத்தோடு ஒப்பிடும் நோட்டை இன்றே தொடங்குங்கள். காலையும் மாலையும் ஒவ்வொன்று, பத்து நாள். செலவு இல்லை, உயரப் பிழையையும் கடிகாரப் பிழையையும் ஒரே கணக்கில் பிரித்துக் காட்டும் வழி இது ஒன்றுதான். சராசரி எடுப்பதை அதற்குள் ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளலாம், தனிச் சோதனையாக நம்பக் கூடாது. ஜிபிஎஸ் சந்தேகத்துக்குரிய கடலில் ஓடுகிறவருக்கு நான்கு நட்சத்திரம், கூடவே வானொலியில் நேரம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பாதி வேலைதான். கிழக்குக் கரையில் வீடு, கப்பல் இல்லை என்றால் எண்ணெய்த் தட்டு. கன்னியாகுமரிப் பயணம் வாய்த்தால் கடல் அடிவானத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். புதுக் கருவிக்குப் பணம் எடுத்துவைத்திருப்பவர், பத்து நாள் நோட்டில் உயரத்தோடு வளர்கிற பிழை தெரிந்தால் மட்டும் கடைக்குப் போகலாம்.

நம் அட்சரேகைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் தூத்துக்குடிப் பக்கம் உச்சிச் சூரியன் தலைக்கு மேலேயே வந்துவிடும். அப்போது எடுக்கும் நண்பகல் சைட்டை எந்தச் சோதனையிலும் சேர்க்காதீர்கள். உயரம் 89 பாகை என்றால் பொசிஷன் லைன் 60 மைல் ஆரமுள்ள ஒரு வட்டம். அதை நேர்கோடாக வரைவதே தவறு. திசையும் சில நிமிடத்தில் கிழக்கிலிருந்து மேற்குக்குத் தாவிவிடும். அந்த நாட்களில் வரும் பிழைக்கு வாட்சும் காரணமில்லை, கண்ணும் காரணமில்லை.

அந்தக் கப்பலில் வாட்சைச் சரிசெய்து, கண் உயரத்தை மாற்றிப் போட்ட மறுநாள் காலை 0.4 விலகி, மாலை 0.3 நோக்கி. சார்ட் மேசைக்கு மேலே இருந்த சீட்டைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டினேன்: சரக்கோடு 16, காலியாக 22. செக்ஸ்டன்ட் மாறவில்லை. நான் இறங்கும்வரை அதே ரசம் போன ஆடிதான்.